மூன்று மேசைக்கு ஒரே விரிப்பு

சம்பந்தி,

சாக்கை எத்தனை தண்ணீரில் அலசினாலும் வெங்காய வாசனை முழுதாகப் போகாது என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. இன்று காலை வரதராஜன்பேட்டையில், உங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்த பச்சை டிரங்குப் பெட்டியை என் மகள் செல்வி இழுத்துத் திறந்ததும் முதலில் எழுந்து வந்தது அந்த வாசனைதான். நான் வேலை பார்த்த பத்திரிகையின் பழைய தாள்களை உருளையாகச் சுருட்டி, அதன்மேல் அந்த மேசை விரிப்பைச் சாக்குப் பட்டைகளோடு சுற்றி, சணல் நூலால் மூன்று இடத்தில் கட்டியிருந்தீர்கள். தபால் ஆபீசில் முப்பது வருடம் பார்சல் கட்டிய கை. முடிச்சை அவிழ்க்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

நாளை மறுநாள் கிறிஸ்மஸ். நீங்கள் இல்லாத முதல் கிறிஸ்மஸ். வருசம் திரும்பாத வீடு என்பதால் இந்த முறை நட்சத்திரம் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை, கேக் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு மட்டும். "மேசைய மட்டும் நீங்க போட்டுக் குடுங்கப்பா. அத்தையோட சேர்ந்து செஞ்சது நீங்கதான" என்று செல்வி கேட்டிருந்தாள். அதற்காகத்தான் பெரம்பலூரிலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே வந்தேன்.

விரிப்பைப் பிரித்தபோது அதில் ஒன்றைப் பார்த்தேன். அதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி வாசலுக்குப் போனேன். "என்னப்பா பஸ்ஸு பாக்குறீங்களா?" என்று செல்வி கேட்டாள். பார்த்ததைப் பிறகு எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, செல்வியும் உங்கள் மகன் அருளும் அரியலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். என் அண்ணன் வரவில்லை. குன்னத்துக்குப் பக்கத்தில் பருத்தியும் வெங்காயமும் போட்டுக்கொண்டு அந்த மண்ணை விட்டு நகராத மனிதர். வேறு சாதி, வேறு மதம் என்று இரண்டையும் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். எட்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவராகவே, "கிறிஸ்மஸுக்கு வேணா வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். உடனே உங்களுக்குப் போன் செய்தேன்.

"பாத்துட்டுப் போறதா, கை நனைச்சுட்டுப் போறதா?" என்று கேட்டீர்கள்.

அது சரியான கேள்வி. ஒரு வீட்டுக்கு வரலாம், உட்காரலாம், பேசலாம். இலையில் கை வைத்துச் சாப்பிட்டால்தான் உறவை ஏற்றதாகக் கணக்கு. அண்ணன் சாப்பிட்டால் செல்வி மறுபடி குன்னத்து வீட்டுக்குப் போய்வரலாம். சாப்பிடாமல் எழுந்தால் அவ்வளவுதான். நமக்கு இரண்டு பேருக்குமே இது தெரியும்.

"கை நனைக்க வெச்சுடுவோம் சம்பந்தி. எனக்கு உங்கண்ணன் காட்டுலேர்ந்து நாலு வெங்காயச் சாக்கு வேணும். காய் வெடிச்ச பருத்தி மாரு ஒரு கட்டு வேணும்" என்றீர்கள்.

"எதுக்கு?"

"எங்க வூட்டுல பளபளன்னு எதையும் வெச்சு அவரை மிரட்ட வேணாம். அவரு பொருளே அவரு முன்னாடி இருக்கட்டும்."

அண்ணிக்கு மட்டும் சொல்லி, அண்ணன் டவுனுக்குப் போன நேரத்தில் சாக்கையும், காயோடு பிடுங்கிய செடிகளாகப் பருத்தி மாரையும் வாங்கிவந்தேன். சாக்கு வாங்க ஒளிந்து போனது அதுதான் முதல் முறை.

உங்களிடம் இருந்தவை மூன்று மேசைகள். ஒன்று வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒன்று தபால் ஆபீசில் ஏலம் விட்டபோது நீங்கள் வாங்கிய கடிதம் பிரிக்கிற மேசை. மூன்றாவது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, அது மற்ற இரண்டையும்விட நாலு விரல்கடை உயரம். "மூணும் ஒண்ணாத் தெரியணும். நடுவுல கோடு தெரிஞ்சா இந்தப் பக்கம் அவுங்க, அந்தப் பக்கம் நாமன்னு ஆயிடும்" என்றீர்கள். அதற்காகத்தான் ஒரே விரிப்பு.

சாக்கின் தையலைப் பிரித்து, சோடா உப்புப் போட்டு அலசி, மாடியில் காயவைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி போட்டீர்கள். பிறகு ஒரு முழ அகலத்தில் நறுக்கி, ஓரத்தில் நூலை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு விரல் நீளத்துக்குக் குஞ்சம் விட்டீர்கள். நூல் உருவுகிற வேலை எனக்கு. மூன்றாவது நூலிலேயே கோணலாகிவிட்டது. "பேப்பர்ல பத்தி பத்தியா நேரா எழுதுற ஆளு, ஒரு நூலு நேரா வர மாட்டேங்குதே" என்றீர்கள். உருவிய நூலைக்கூட வீணாக்கவில்லை. வெடித்த பருத்தியை மூன்று மூன்று காயாகக் காம்போடு சேர்த்து அதே நூலால் கட்டி, ஓர் இலைக்கு ஒரு கொத்து என்று வைத்தீர்கள். பழைய ஈரிழைத் துண்டு ஒன்றைச் சதுரமாக வெட்டி மடித்து, கை துடைக்க ஒவ்வோர் இடத்திலும் வைத்தீர்கள். டம்ளர்களுக்கு இடுப்பில் சாக்குப் பட்டை. பார்க்க எளிமையாக, நன்றாகத்தான் இருந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் நாலு மணி வாக்கில், ஜெயங்கொண்டத்தில் வாங்கிய காடாத் துணியைப் பிரித்தீர்கள். சாக்குப் பட்டைக்கு அடியில் மூன்று மேசையையும் மூட அந்த வெள்ளைத் துணி. பார்சல் தைக்கிற அதே துணி. நான் கத்தரிக்கோலை நீட்டினேன். "கத்தரி வேணாம் சம்பந்தி, கிழிச்சாத்தான் நேரா வரும்" என்று சொல்லி, ஓரத்தில் பல்லால் கடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தீர்கள்.

அந்தச் சத்தத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது.

எங்கள் வீடுகளில் புதுத் துணியை மஞ்சள் வைக்காமல் விரிக்க மாட்டார்கள். தண்ணீர் படாத, மஞ்சள் தொடாத, ஓரம் தைக்காத புது வெள்ளைத் துணி ஒரே ஓர் இடத்துக்குத்தான் வரும். இறந்தவர் மேல் போடுகிற கோடி அது. புதுத் துணி கிழிபடுகிற சத்தமும் அந்த வீட்டில்தான் கேட்கும். நீங்களோ அதன்மேல் உதிரிச் சாமந்தியை அங்கங்கே தூவி, சற்றுப் பின்னால் நகர்ந்து, "கோயில்ல பீடம் மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு அது பூசை நடக்கிற பீடத்தின் துணி. அதைவிடப் பெரிய மரியாதையை ஒரு விருந்தாளிக்கு உங்களால் நினைக்க முடியாது. எனக்கு அந்த இடத்தில் அண்ணனின் முகம் தெரிந்தது.

நான் சொல்ல ஆரம்பித்தேன். இதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்திருந்தால் போதும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். "சம்பந்தி, இந்தத் துணிய ஒரு தண்ணி நனைச்சு எடுத்துட்டா..." என்றேன்.

"நனைச்சா மொடமொடப்பு போயிடுமே" என்றீர்கள்.

அத்தோடு விட்டுவிட்டேன். காரணம் உங்கள் சந்தோஷம் கெட்டுவிடும் என்பதல்ல. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த மாதிரி நம்பிக்கைகளைக் கேலி செய்து பத்திரிகையில் எத்தனையோ எழுதியவன் நான். உங்கள் முன்னால், துணிக்கு மஞ்சள் வையுங்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் குடும்பம் அப்படிப்பட்டது அல்ல என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வாசலில் நீங்கள் கைகூப்பினீர்கள். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவர், மேசையைப் பார்த்தார். பழத்தைச் செல்வி கையில் கொடுத்தார். "ஒரு அவசர வேல, மறந்தே போயிட்டேன். இன்னொரு நாளு வரேங்க" என்று உங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போட்ட நாற்காலியில் உட்காராமலே திரும்பினார். நான் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை ஓடினேன்.

"உசுரோட இருக்கவனுக்குக் கோடி விரிச்சு உக்காருன்னு சொல்றாங்களாடா?" என்றார்.

"அப்புறம் பேசிக்கலாம்ணே" என்றேன். பஸ் வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் நீங்கள் கேட்டீர்கள். "அண்ணனுக்குச் சுகர். திடீர்னு எறங்கிடுச்சாம், படபடன்னு வந்துடுச்சு" என்றேன். "சுகர் எறங்கினா ஒரு வாய் சாப்பிட்டாச் சரியாயிடுமே?" என்றீர்கள். ஒரு நிமிடம் என்னையே பார்த்தீர்கள். பிறகு இலையைப் போடச் சொல்லி உள்ளே போய்விட்டீர்கள்.

அதன் பிறகு அந்த விரிப்பை நான் பார்க்கவில்லை. அடுத்த வருடங்களில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புதான். தூக்கிப் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். ஆனால் பேசும்போதெல்லாம் ஒன்று கேட்பீர்கள். "அண்ணனுக்குச் சுகர் எப்படி இருக்கு சம்பந்தி?" நானும் பதில் சொல்வேன். டாக்டரை மாற்றியிருக்கிறார் என்பேன். மாத்திரை மாற்றியிருக்கிறார் என்பேன். ஒருமுறை நூற்றி நாற்பது என்று அளவே சொன்னேன். "பரவால்ல, கட்டுலதான் இருக்கு" என்றீர்கள், சிரிக்காமல்.

இந்த ஆவணியில் நீங்கள் போனபோது அண்ணன் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு கோடிப் புடவை. உங்கள் மேல் போர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். அருளின் கையைப் பிடித்தார். சாவு வீட்டில் யாரும் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆக, உங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் கை நனைக்கவில்லை. அந்தப் புடவையை அவர் விரித்தபோது, இந்த மனிதரை இந்த வீட்டில் சாப்பிடவிடாமல் செய்தது யார் என்று என் மனம் கேட்டது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். முடிச்சுகளை அவிழ்த்து விரிப்பைக் கட்டிலில் பரப்பினேன். கிழித்தபடி இருந்த ஓரம் சுற்றிலும் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. சிவப்பு நூல், பார்சல் தையல், ஒரே அளவு. நான்கு முனையிலும் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். நிறம் மங்கியிருந்தது. நேற்று வைத்த மஞ்சள் அல்ல.

செல்வியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"நான்தான்ப்பா அத்தைகிட்ட கோடியப் பத்திச் சொன்னேன். அடுத்த வருசம் அத்தையே கேட்டாங்க. எங்க சாதிய நெனச்சுத்தான் உங்க பெரியப்பா உக்காராமத் திரும்பிப் போயிட்டாரா, உண்மையச் சொல்லுன்னாங்க. அதுக்கு மேல என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியல."

"என்ன சொன்னாங்க?"

"அட, இதுக்கா, நான் ஒரு வருசம் என்னென்னமோ நெனச்சுட்டேனேன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. அன்னிக்கே மஞ்சக் கெழங்கு வாங்கியாரச் சொன்னாங்க. அவரு வர்ற அன்னிக்குத்தான் இத விரிக்கணும்னு சொல்லிட்டாங்க. உங்கப்பாகிட்ட நீயாச் சொல்லாத, அவரே சொல்லட்டும்னாங்க."

அப்படியானால் அத்தனை முறை சுகர் எப்படி என்று கேட்டது? வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களிடம் கேள்வி கேட்டே பிழைத்தவன், என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வியைக் கேள்வி என்று கண்டுபிடிக்கவில்லை.

இதற்குமேல் இன்று எழுத ஓடவில்லை. காலையில் குன்னம் போகிறேன்.

நேற்று நிறுத்திய இடத்திலிருந்து எழுதுகிறேன். விரிப்பைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே கிளம்பினேன். ஜெயங்கொண்டத்தில் ஒன்று, அரியலூரில் ஒன்று என்று மாறி, பத்தரைக்கு அண்ணன் வாசலில் இறங்கினேன். பறித்த பருத்தியைக் களத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடா, போன்கூடப் பண்ணாம வந்துருக்க? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே" என்று விரிப்பின் ஒரு முனையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அன்று மேசையில் கிடந்த துணி என்றேன். அவர் மஞ்சளைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பீடத்துத் துணி, நீங்கள் கிழித்தது, செல்வி சொன்னது, இந்த மஞ்சள்.

அண்ணன் மஞ்சளைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, "கல்யாணத்துக்கு வராதவனுக்கு இதுதான்டா மரியாதைன்னு அந்தம்மா சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றார். "தப்பு எம்மேலயும் இருந்துச்சு. அதான் திருப்பி ஒண்ணும் கேக்கல."

"அவங்களுக்கு அது தெரியவே தெரியாதுண்ணே."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முந்தின நாள் சாயங்காலமே."

அண்ணன் என்னை அடித்திருந்தால் தேவலை. குனிந்து பருத்தியைப் புரட்டிவிட ஆரம்பித்தார். உள்ளிருந்து அண்ணிதான் பேசினார். "ஊரு நியாயமெல்லாம் பேப்பர்ல எழுதுனீங்களே தம்பி. ரெண்டு வூட்டு நியாயம் ஒங்களுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு."

அதுதான் சம்பந்தி. உங்கள் மனதில் இருந்தது சாதி. அவர் மனதில் இருந்தது அவமானம். இரண்டும் இல்லை என்று தெரிந்து, இருவரிடமும் போய்ச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். ஒரு செய்தியில் இரண்டு தரப்பையும் கேட்காமல் எழுதாதே என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தரப்பையும் தெரிந்துகொண்டு எழுதாமல் இருப்பதைப் பற்றி யாருக்கும் சொன்னதில்லை.

"அஞ்சு நிமிச வேலடா. ஒரு துண்டு மஞ்சக் கெழங்கு" என்றார் அண்ணன், நிமிராமலே. நான் விரிப்பை மடித்தேன். வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார். "நாளைக்கு எந்த பஸ்ஸுல வந்தா சரியா இருக்கும்?"

இன்று கிறிஸ்மஸ். மணி மூன்றரை. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது.

காலையில் பூசை முடிந்து வந்து மேசைகளைச் சேர்த்தோம். பக்கத்து வீட்டு மேசை இன்னும் நாலு விரல்கடை உயரம்தான். நீங்கள் செய்தது போலவே மற்ற இரண்டின் கால்களுக்கும் கீழே சாக்கை மடித்துப் போட்டு மட்டம் பார்த்தேன். முழுதாகச் சரியாகவில்லை. விரிப்பைப் போட்டதும் கோடு மறைந்துவிட்டது. பழைய பருத்திக் கொத்துகள் பெட்டியில் உதிர்ந்துபோயிருந்தன. நேற்று அண்ணி கொடுத்தனுப்பிய மாரிலிருந்து புதிதாகக் கட்டினேன். சாமந்தி போடவில்லை. பதினொன்றிலிருந்து நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் வராமல் போய்விடுவார் என்றுதான் மனம் சொன்னது. பன்னிரண்டே முக்காலுக்கு அண்ணனும் அண்ணியும் இறங்கினார்கள்.

அண்ணன் உள்ளே வந்து மேசையின் ஓரமாகவே நடந்து ஒரு முனையைத் தொட்டுப் பார்த்தார். மறு முனைக்கும் போனார். நான்கையும் தொட்டார். சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, செல்வியிடம் "சோத்தப் போடு தாயி" என்றார்.

பருத்திக் கொத்தை எடுத்து ஒரு காயைப் பிய்த்து விரலில் இழுத்துப் பார்த்து, "இது நம்ம காட்டுதுதான" என்று அண்ணியிடம் கேட்டார். நீங்கள் எதிர்பார்த்த கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

அருள்தான் பரிமாறினான். உங்களுக்குப் பிடிக்கும் என்று சேமியா பாயசம் மட்டும் வைத்திருந்தான். எல்லா இலைக்கும் ஊற்றி வந்தவன் அண்ணன் இலையைத் தாண்டிப் போனான்.

"ஏம்ப்பா, எனக்கு இல்லையா?"

"உங்களுக்குத்தான் சுகர் இருக்குல்ல பெரிய மாமா."

"எனக்கா? எனக்கேதுப்பா சுகர்? யாரு சொன்னா?"

அருள் என்னைப் பார்த்தான். அவனிடம் நீங்கள் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. செல்வி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன், பந்தியில் தன்னை ஏன் தாண்டினார்கள் என்று உண்மையிலேயே புரியாமல், கரண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "பொய்தான் சொன்னேன். அருள், அன்னிக்குப் பெரிய மாமா சாப்பிடாமப் போனதுக்குக் காரணம் நீயோ உங்கம்மாவோ இல்ல. இந்தத் துணி. அதுக்குக் காரணம் நான்." மீதியையும் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அருள் வாளியோடு நின்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது. திரும்பி அண்ணன் இலையில் இரண்டு கரண்டி பாயசம் ஊற்றினான். அண்ணன் அதை வழித்துச் சாப்பிட்டார். என் இலைக்கு அருள் மறுபடி வரவில்லை. அது அவனோடு நான் இனிமேல் பேசித் தீர்க்க வேண்டியது.

விரிப்பைத் துவைக்கக் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் போனால் மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் செல்வி. சுருட்டின தாள்களுக்கு நடுவில் உங்கள் கோணி ஊசி இருந்தது, கொஞ்சம் துருப்பிடித்து. அதை நான் எடுத்துக்கொண்டேன். சட்டைப் பையில் பேனாவோடு இருக்கிறது. குனிந்தால் நெஞ்சில் குத்துகிறது. அங்கேயே இருக்கட்டும்.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாளே திருத்தம் போடுவோம், சின்ன எழுத்தில், யாரும் கவனிக்காத மூலையில். இதை அப்படிப் போட முடியாது. ஒவ்வொரு போனிலும் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அண்ணனுக்குச் சுகர் இல்லை சம்பந்தி. எப்போதும் இருந்ததில்லை.